சுடுவதற்கு முன் சுற்றுப்பாதை: விண்கலப் போர் விளையாட்டுகளுக்கு ஒரு வழிகாட்டி

1965 ஜூனில் நாசாவின் ஜெமினி 4 விண்கலத்தை ஓட்டிய ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மோடு சுற்றுப்பாதைக்கு வந்து சேர்ந்த ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தை நெருங்க எண்ணி, கலத்தின் மூக்கை அதை நோக்கித் திருப்பி உந்திகளை இயக்கினார். நெருங்குவதற்குப் பதிலாக இடைவெளி விரிந்துகொண்டே போனது. எரிபொருள் கரைவதைக் கண்டு முயற்சி கைவிடப்பட்டது. கொரியப் போரில் போர்விமானம் ஓட்டிய அவரையே ஏமாற்றிய அதே உள்ளுணர்வுதான், ‘சில்ட்ரன் ஆஃப் எ டெட் எர்த்’ போல இயற்பியலை உள்ளபடி கணக்கிடும் விளையாட்டுக்குள் முதன்முறை நுழைபவரையும் தோற்கடிக்கிறது. அங்கே போரின் பெரும்பகுதி முதல் குண்டு பாயும் முன்பே முடிந்துவிடுகிறது என்பதை ஏற்றுக்கொண்டால், மற்றவை எளிதில் பிடிபடும்.

முதலில் துரத்தக் கற்றுக்கொள்ளுங்கள். பூமியிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கலம் வினாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில், சுமார் 92 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. எதிரி அதே பாதையில் உங்களுக்கு 165 கிலோமீட்டர் முன்னால் இருப்பதாகக் கொள்வோம். அவரைப் பிடிக்க நீங்கள் வேகத்தைக் கூட்டக்கூடாது, குறைக்க வேண்டும். பயணத் திசைக்கு எதிராக வினாடிக்கு வெறும் 10 மீட்டர் குறைத்தால், பாதையின் மறுபக்கம் சற்றுத் தாழ்ந்து, சுற்றுக்காலம் 22 வினாடி அளவுக்குக் குறைகிறது; ஒரு முழுச் சுற்று முடிந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்போது எதிரியும் அங்கே இருப்பார். எந்தக் கோளைச் சுற்றினாலும் இதற்கான சூத்திரம் ஒன்றே: குறைத்த வேகத்தைச் சுற்றுக்காலத்தால் பெருக்கி, அதை மும்மடங்காக்கினால் ஒரு சுற்றில் ஈட்டும் தூரம் கிடைக்கும். வேகமாற்றம் சிறியதாக இருக்கும்வரை இக்கணக்கு பொய்க்காது. ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் ‘கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம்’ விளையாட்டை வைத்திருப்பவர்கள் ஆயுதமே இல்லாமல் இதை நாலைந்து முறை செய்து பார்ப்பது நல்லது.

எதிரியை எந்த வேகத்தில் சந்திக்கப்போகிறோம் என்பதும் நம் கையில் இருக்கிறது. மேற்சொன்ன முறையில் சந்தித்தால் இருவருக்கும் இடையிலான சார்புவேகம் வினாடிக்கு 10 மீட்டர்தான். நின்று நிதானமாகச் சுடலாம், அடியும் வாங்கலாம். எதிர்த்திசைச் சுற்றுப்பாதையிலிருந்து வந்தாலோ அது 15 கிலோமீட்டரைத் தாண்டும். வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் எந்தப் பொருளும் தன் எடைக்குச் சமமான டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றலைச் சுமக்கிறது. வினாடிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோ ஆணிக்கு 27 கிலோ டிஎன்டியின் ஆற்றல் இருக்கும். அந்த நிலையில் துப்பாக்கியே தேவையில்லை, எதிரியின் பாதையில் சரளைக்கல்லைக் கொட்டிவிட்டு விலகினால் போதும்.

இந்தச் சூழ்ச்சிகளுக்கெல்லாம் செலவாகும் நாணயம் டெல்டா-வி, அதாவது கலம் தன் எரிபொருள் முழுவதையும் எரித்து அடையக்கூடிய மொத்த வேகமாற்றம். கலம் வடிவமைக்கும் திரையில் பலரும் இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள். 100 டன் கலம், 200 டன் எரிபொருள், வினாடிக்கு 4.4 கிலோமீட்டரில் வாயுவை வெளியேற்றும் ஹைட்ரஜன்-ஆக்சிஜன் எஞ்சின் என்று வைத்தால், எரிபொருளிலிருந்து டெல்டா-வியைக் கணக்கிடும் சியோல்கோவ்ஸ்கி சமன்பாட்டின்படி வினாடிக்கு 4.8 கிலோமீட்டர் கிடைக்கும். பயத்தில் 50 டன் கவசத்தைச் சேர்த்தால் அது 3.7 ஆகிவிடும். தடித்த ஒற்றைத் தகட்டை விட, இடைவெளி விட்டு அமைத்த மெல்லிய தகடுகளே மேல். வேகமாக வரும் துணுக்கு முதல் தகட்டிலேயே சிதறி, அடுத்ததைத் தூளாகவே அடைகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தைக் காக்கும் விப்பிள் கவசத்தின் தத்துவமும் இதுவே.

ரெயில்கன்னை, அதாவது மின்காந்த விசையால் குண்டைச் செலுத்தும் துப்பாக்கியை, எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம் என்பதை விளையாட்டு காட்டும் எண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். குண்டு வினாடிக்கு 3 கிலோமீட்டரில் போகிறது, எதிரி 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார் என்றால், அது சென்றடைய 33 வினாடி ஆகும். அதற்குள் எதிரி வினாடிக்கு வினாடி 0.1 மீட்டர் என்ற மந்தமான முடுக்கத்தில் பக்கவாட்டில் நகர்ந்தாலும் ஏறத்தாழ 55 மீட்டர் விலகிவிடுவார். பெரும்பாலான கலங்களின் அகலம் அதைவிடக் குறைவு. 10 கிலோமீட்டரிலோ அதே விலகல் அரை மீட்டர்தான். ஆகவே தொலைவில் இருக்கும்வரை ஒழுங்கில்லாமல் பக்கவாட்டு உந்துதல் கொடுத்துக்கொண்டே இருங்கள், அருகில் வந்தபின் மூக்கை எதிரிக்கு நேராக வைத்துச் சரிவான கவசத்தைக் காட்டுங்கள். வெற்றிடத்தில் மூக்கு பார்க்கும் திசைக்கும் கலம் போகும் திசைக்கும் தொடர்பில்லை என்பதால், பின்வாங்கிக்கொண்டே எதிரியைப் பார்த்துச் சுடலாம். (1962இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஸ்பேஸ்வார்’ என்ற கணினி விளையாட்டின் கலங்களை நடுவிலிருந்த விண்மீனின் ஈர்ப்பு இழுத்தது, ஆனால் அவை ஏவிய டார்பிடோக்களை இழுக்கவில்லை. ஆயுதங்களுக்கு மட்டும் இயற்பியலில் சலுகை காட்டும் வழக்கம் அவ்வளவு பழையது. உங்கள் விளையாட்டிலும் அப்படி ஏதும் இருக்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.)

லேசருக்கு இந்தத் தாமதம் இல்லை, ஆனால் ஒளி விரிகிறது. ஒரு மீட்டர் ஆடியிலிருந்து ஒரு மைக்ரோமீட்டர் அலைநீள ஒளியை அனுப்பினால், 100 கிலோமீட்டரில் புள்ளியின் விட்டம் சுமார் 24 சென்டிமீட்டர். 1000 கிலோமீட்டரில் அது 2.4 மீட்டராகி, செறிவு நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தொலைவில் லேசரால் கவசத்தைத் துளைக்கப் பார்க்காமல், உணரிகளையும் வரும் ஏவுகணைகளையும் குறிவையுங்கள்.

ஏவுகணையை ஒவ்வொன்றாக ஏவுவது வீண். அது எதிரியை வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்க, எதிரியின் தற்காப்புத் துப்பாக்கி 30 கிலோமீட்டர் வரை எட்டும் என்றால், தடுப்பதற்கு அவருக்கு 10 வினாடி இருக்கிறது. ஒன்றை வீழ்த்த இரண்டு வினாடி வேண்டுமெனில் அவரால் ஐந்தைத்தான் வீழ்த்த முடியும். ஆகவே எட்டை ஒரே நொடியில் போய்ச் சேருமாறு அனுப்புங்கள். அணுகுண்டுத் தலை பொருத்தினாலும் குறி நெருக்கமாக இருக்க வேண்டும். காற்றில்லாத இடத்தில் அதிர்ச்சி அலை கிடையாது, கதிர்வீச்சு மட்டுமே, அதுவும் தூரம் இரட்டித்தால் கால் பங்காகிவிடும்.

கடைசியாக வெப்பம், என் கணிப்பில் புதியவர்களை அதிகம் வீழ்த்துவது இதுதான். கலத்துக்கு மின்சாரம் தரும் அணுஉலையின் கழிவு வெப்பமும் லேசரின் கழிவு வெப்பமும் வெளியேற, வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே வீசும் தகடான ரேடியேட்டரைத் தவிர வேறு வழியில்லை. அதன் வெப்பநிலை இரட்டித்தால் வீசும் ஆற்றல் 16 மடங்காகும். 300 கெல்வினில் சதுர மீட்டருக்கு 460 வாட் வீசும் பரப்பு 1200 கெல்வினில் 118 கிலோவாட் வீசும். எனவே சூடாக இயங்கும் சிறிய ரேடியேட்டர்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் விளிம்பு மட்டும் எதிரிக்குத் தெரியும்படி அமையுங்கள். எதிரியின் ரேடியேட்டர் அகன்ற பக்கம் உங்களுக்குத் தெரிந்தால், அவருடைய துப்பாக்கிகளை விட்டுவிட்டு அதையே சுடுங்கள். அது கிழிந்த சில நொடிகளில், உலை உருகாமலிருக்க அவரே அதை அணைக்க வேண்டிவரும், மின்சாரம் இல்லாத ரெயில்கன் அதன்பின் வெறும் சுமை.