டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்புங்கள்

'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்ற எழுத்தை நம்பி, அம்மா கூடுதல் விலைக்குக் கடலை எண்ணெய் வாங்கிவந்தார். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் இருப்பதில்லை என்றேன்; அவர் முகம் வாடிவிட்டது.

முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். என் மகனுக்கு வாங்கிய சத்துப் பானப் பொடியில் இரண்டாவதாகவே சர்க்கரை: 100 கிராமில் 32 கிராம்!

'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்றிருந்தால் நட்சத்திரக் குறியைத் தேடி, அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? எத்தனை மாதம்? எதனோடு ஒப்பிட்டார்கள்? ஆய்வில் கொடுத்த அளவு நம் இரண்டு கரண்டியில் இருக்கிறதா? இதுதான் முக்கியம்.

இந்தியாவின் 2018 உணவு விளம்பர, கூற்று விதிமுறைகள்படி இத்தகைய கூற்றுக்கு அறிவியல் ஆதாரம் கட்டாயம். டப்பாவில் உள்ள நுகர்வோர் முகவரிக்கு எழுதி, தயங்காமல் கேளுங்கள்.