அரசோடு செலவைப் பகிரும் ஒப்பந்தம்: சிறு நிறுவனங்கள் எங்கே சறுக்குகின்றன?

"கவர்மென்ட் 70 பர்சென்ட் தருது, நாம 30 போட்டா போதும்." வட சென்னைப் பக்கம், விச்சூர் தொழிற்பேட்டையிலும் வியாசர்பாடிப் பட்டறைகளிலும் மானியத் திட்டம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அந்த 70 சதவீதம் எந்தத் தொகையில் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதியை வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். திட்டங்கள் நல்லவைதான். நம் ஊர்த் தொழிலுக்கு அவை வந்து சேர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஆனால் சதவீதத்தைவிட ஒப்பந்தத்தின் வரையறைப் பக்கம் முக்கியம். உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது அங்கேதான் முடிவாகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அரசும் தனியாரும் சேர்ந்து செய்வதெல்லாம் செலவுப் பகிர்வு ஆகாது. மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையைத் தனியார் தன் முதலீட்டில் கட்டினார்கள். 25 ஆண்டுகள் குடிநீர் வாரியம் அதில் தண்ணீர் வாங்கும் என்பது ஏற்பாடு. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தின் தனியார் முனையங்களில், முதல் போடும் நிறுவனம் வருவாயில் ஒரு பங்கைத் துறைமுகத்துக்குத் தருகிறது. இங்கே நான் சொல்வது வேறு வகை. உங்கள் திட்டத்தின் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது, மீதி உங்களுடையது.

எதில் எழுபது?

குறு, சிறு நிறுவனங்களுக்கான குழும மேம்பாட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல பட்டறைகள் சேர்ந்து ஒரு பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசு உதவுகிறது. 2022 வழிகாட்டுதலின்படி திட்டச் செலவு 5 முதல் 10 கோடி வரை என்றால் 70 சதவீதம், 10 முதல் 30 கோடி வரை என்றால் 60 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தத் 'திட்டச் செலவு' நீங்கள் உண்மையில் செய்யும் செலவு இல்லை, அரசு ஏற்று அனுமதித்த செலவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 கோடிக்குத் திட்ட அறிக்கை கொடுக்கிறீர்கள். மதிப்பீடு செய்பவர்கள் சில இனங்களைக் கழித்து 7 கோடிக்கு அனுமதி தருகிறார்கள். அதில் 70 சதவீதம் 4 கோடியே 90 லட்சம். உங்கள் செலவோ 8 கோடிதான். ஆக, அரசின் பங்கு 61 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. இதற்குள் மெஷின் விலை ஏறினால் இன்னும் இறங்கும். அனுமதித்த தொகைக்கு மேல் எந்தக் காரணத்தால் செலவு கூடினாலும் மத்திய அரசு அதை ஏற்காது என்று இந்தத் திட்டத்தின் விதியே சொல்கிறது. அதனால் கொட்டேஷன் வாங்கும்போதே விலை எத்தனை மாதத்துக்குச் செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். அனுமதி வருவதற்குள் பழைய கொட்டேஷன் காலாவதியாகியிருப்பது ரொம்பச் சாதாரணம்.

காசிமேட்டில் ஐஸ் கம்பெனி வைக்க நினைப்பவர்களுக்கும் இதே கதைதான். பிரதமர் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் தனிப்பட்ட பயனாளிகளுக்கு, பொதுப் பிரிவு என்றால் 40 சதவீதம், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் 60 சதவீதம் வரை உதவி உண்டு. அதுவும் 'அலகுச் செலவு' என்று நிர்ணயித்த தொகையின் மேல்தான். கம்ப்ரசரை நீங்கள் உயர்ந்த ரகமாக வாங்கினால், கூடுதல் விலை முழுவதும் உங்கள் தலையில்.

ஜிஎஸ்டியையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடிகிற நிறுவனத்துக்கு அந்த வரியைச் செலவாக ஏற்க மாட்டார்கள். ஒரு கோடி ரூபாய் மெஷினுக்கு 18 சதவீதம் என்றால் 18 லட்சம். வரவு எடுக்கும்வரை அது உங்கள் பணத்தில்தான் முடங்கிக் கிடக்கும். திட்ட அறிக்கையில் இதற்கென்று தனியாக ஓர் இனம் போட்டவர்களை அரிதாகவே பார்க்கிறேன்.

பில்லின் தேதி

அவசரத்தில் அட்வான்ஸ் கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. "சாங்ஷன் ஆர்டர் எப்படியும் வந்துடும்" என்று சப்ளையருக்குப் பணம் போட்டுவிடுவார்கள். அனுமதி ஆணையின் தேதிக்கு முன்னால் செய்த செலவைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. பில்லில் இருக்கும் தேதியை யாரும் பிறகு மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ரொக்கமாகக் கொடுத்ததும் அப்படியே அடிபடும். மச்சான் கடையில் வாங்கிய பில் என்றால், விலை நியாயமானதாகவே இருந்தாலும் தணிக்கையில் கேள்வி வரும். மூன்று கொட்டேஷனும் ஒப்பீட்டுத் தாளும் வைத்திருங்கள்.

உங்கள் பங்கு எந்த வடிவில் என்பதையும் கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஷெட், பழைய லேத் மெஷின், முதலாளியின் உழைப்பு எல்லாவற்றையும் 30 சதவீதக் கணக்கில் சேர்த்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சில திட்டங்கள் நிலத்தை ஏற்கும், அதற்கும் உச்சவரம்பு இருக்கும். பழைய மெஷினை ஏற்பது அபூர்வம். ஒப்பந்தத்தில் 'ரொக்கப் பங்களிப்பு' என்று இருந்தால் வங்கிக் கணக்கில் பணம் வந்து நிற்க வேண்டும், பெரும்பாலும் அரசின் முதல் தவணைக்கு முன்பே.

பத்திரத்தில் போடும் கையெழுத்து

இதைத்தான் எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-இன்படி, மானியம் பெறும் தனியார் அமைப்பு ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நிபந்தனையை மீறினால் மானியத்தை முழுவதுமாகவோ பகுதியாகவோ ஆண்டுக்கு 10 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும். பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் இதற்குக் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு.

கடைசி வார்த்தைகளை நின்று படியுங்கள். இருபது பட்டறைக்காரர்கள் சேர்ந்து எஸ்பிவி ஒன்று, அதாவது இந்தத் திட்டத்துக்கென்றே ஒரு தனி நிறுவனம், தொடங்குகிறார்கள். மூன்று பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். "நம்ம பசங்கதானே அண்ணே, போட்டுடுங்க" என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான்கு வருடத்தில் சிலர் தொழிலை விட்டுப் போகிறார்கள், மையம் பாதியில் நிற்கிறது. நோட்டீஸ் வரும்போது முழுத் தொகையையும் அந்த மூன்று பேரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்க முடியும். "என் பங்கு இருபதில் ஒன்று" என்ற பதில் அங்கே எடுபடாது. எனவே கையெழுத்துக்கு முன்னால் உறுப்பினர்களுக்குள் தனி ஒப்பந்தம் ஒன்று எழுதுங்கள். யார் எவ்வளவு ஈடு செய்வது, விலகுகிறவர் என்ன கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று அதில் இருக்கட்டும். நட்பு கெடுமே என்று தயங்காதீர்கள். எழுதாமல் விட்டால்தான் பிறகு கெடுகிறது.

அதே விதிகளில் இன்னும் சில உண்டு. மானியத்தில் வாங்கிய சொத்தை, அனுமதி தந்த அதிகாரியின் முன் ஒப்புதல் இல்லாமல் விற்கக் கூடாது. மானியப் பணம் வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டி அரசுக்குத் திரும்பப் போக வேண்டும். அதை எடுத்துக் கரண்ட் பில் கட்டினால் தவறு. மானியத்தை அதற்கான வேலைக்கே செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் தர வேண்டும். அது நிலுவையில் இருந்தால் அடுத்த தவணை நகராது. ஆடிட்டரிடம் இந்த வேலையை மார்ச் மாதமே சொல்லிவிடுங்கள்.

வருமான வரியில் ஒன்று மட்டும். ஒரு கோடி மெஷினுக்கு 40 லட்சம் மானியம் வந்தால், ஆண்டுதோறும் செலவாகக் கழிக்கும் தேய்மானம் 60 லட்சத்துக்குத்தான். 15 சதவீதம் என்று வைத்தால் முதல் ஆண்டு 9 லட்சம், 15 லட்சம் இல்லை.

புதிதாக ஒன்றை உருவாக்கும் ஒப்பந்தங்களில் பிரச்சினை வேறு. மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி திட்டச் செலவில் 90 சதவீதம் வரை தருகிறது. உருவாகும் அறிவுசார் சொத்துரிமை அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் கூட்டாக இருக்கும். அது நியாயம்தான். ஆனால் திருவொற்றியூரில் பல வருடமாக வால்வு செய்யும் நிறுவனம் ஒன்று இதில் இறங்கினால், தன்னிடம் முன்பே இருக்கும் வரைபடங்கள், அச்சுகள், கலவை முறைகள் எல்லாவற்றையும் தேதியோடு பட்டியலிட்டு ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் எது பழையது, எது திட்டத்தில் பிறந்தது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

நம் பகுதிக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது: வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலி, எண்ணூர் பக்கம் என்ன ஆனது என்று எல்லாரும் பார்த்தோம். இயற்கைப் பேரிடர் ஷரத்து பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். ஆனால் தானாகவே அது உங்களைக் காப்பாற்றாது. இத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கும். தண்ணீர் வடிந்து, மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து முடிப்பதற்குள் அந்தக் கெடு தாண்டிவிடும். எந்த அதிகாரிக்கு, எந்த முகவரிக்கு, எத்தனை நாளில் என்பதை ஒப்பந்தம் கையில் வந்த அன்றே எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள். தண்ணீர் நிற்கும்போதே தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். விரிவான கடிதம் அப்புறம் போகலாம். மெஷினுக்கு எடுத்த இன்சூரன்ஸில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா, இழப்பீடு யார் பெயரில் வரும் என்பதையும் பாலிசியைப் பிரித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.