வலி அடங்கினால் ஆபத்து போய்விட்டதா? குடல்வால் அழற்சியில் நாம் விடும் பிழைகள்

தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒருவருக்கு வயிறு வலித்தால் முதலில் ஓமத்தண்ணீர். அப்புறம் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. அதற்கும் கேட்காவிட்டால் யாராவது ஒரு பாட்டி "குடல் ஏறியிருக்கு" என்று எண்ணெய் தடவி வயிற்றை உருவி விடுவார். வெறும் வாய்வு என்றால் சரி. பெருங்குடலின் தொடக்கத்தில் வால் போலத் தொங்கும் குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீங்கியிருந்தால் உருவவே கூடாது. பேதிக்குக் கொடுப்பது அதைவிட மோசம். குடலை முறுக்கிப் பிழியும் மருந்து, ஏற்கெனவே நைந்துபோன குடல்வாலை வெடிக்க வைக்கலாம்.

வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும். சாப்பாடு பிடிக்காது, குமட்டும், லேசான காய்ச்சல் இருக்கும். தோட்டத்து ரோட்டில் ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினால், அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது நல்ல துப்பு.

"இன்றைக்கு வேலைக்குப் பேர் போட்டுவிட்டு நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்பதுதான் நம்மிடம் அதிகம். ஒரு நாள் சம்பளம் போகிற கவலை புரிகிறது. ஆனால் வலி தொடங்கி 24 முதல் 36 மணி நேரம் தாண்டினால் வெடிக்கும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும்.

இதில் ஏமாற்றுகிற கட்டம் ஒன்று உண்டு. குடல்வால் வெடித்ததும் உள்ளே இருந்த அழுத்தம் குறைவதால் வலி திடீரென்று தணியலாம். வீட்டில் எல்லோரும் பனடோல் வேலை செய்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். சீழும் மலக்கிருமியும் வயிற்றுக்குள் பரவி, கொஞ்ச நேரத்தில் வயிறு முழுக்கப் பலகை போல இறுகும், காய்ச்சல் ஏறும், நாடி படபடக்கும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த நோய் 10 முதல் 30 வயதில்தான் அதிகம். ஆனால் வெடித்த பிறகு வந்து சேர்கிற வீதம் சின்னப் பிள்ளைகளிடமும் முதியவர்களிடமும்தான் கூடுதல். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. வயதானவருக்கும் சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவருக்கும் வலியும் காய்ச்சலும் மங்கலாகவே தெரியலாம். கர்ப்பிணிக்குக் குடல்வால் மேலே தள்ளப்படுவதால் வலியும் மேலே ஏறியிருக்கலாம். அது வெடித்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு இப்படி வலித்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், கருக்குழாயில் கரு தங்கியிருந்தாலும் இதே பக்கம் வலிக்கலாம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் குளிசை வாங்கியதோடு நிற்காதீர்கள். சத்திரசிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இலங்கையில் 1990க்கு அழைத்தால் அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். போகும் வழியில் தேத்தண்ணீர்கூட வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும்.

சிலருக்குக் குடல்வாலைச் சுற்றிக் கட்டி திரண்டுவிடும். அப்போது டாக்டர்கள் உடனே வெட்டாமல் சில நாள் ஊசி மருந்து ஏற்றுவார்கள். "ஒன்றும் செய்யாமல் சேலைன்தானே ஏற்றுகிறார்கள்" என்று பாதியில் டிக்கெட் வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டு வந்தால், உள்ளே மிஞ்சிய சீழ் மறுபடி கிளம்பும்.