பழைய திர்ஹம் கணக்கை அன்றைய ரூபாய்க்கு மாற்றுவது எப்படி

ஏர்வாடி, மேலப்பாளையம், கடையநல்லூர், திசையன்விளை என்று நம்ம பக்கம் எந்த ஊரை எடுத்தாலும் துபாயிலோ சார்ஜாவிலோ வேலை பார்த்தவர் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெட்டியில் திர்ஹத்தில் எழுதின கணக்கு நோட்டும் இருக்கும். எங்கள் அத்தான் நோட்டில் தேதியும் அனுப்பின திர்ஹமும் இருக்கிறது, ரூபாய் இல்லை. வீட்டைப் பாகம் பிரிக்கப் பேசியபோது யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை அன்றைய ரூபாயில் சொல்ல வேண்டி வந்தது. இன்றைய ரேட்டால் பெருக்கினால் 2003-ல் அனுப்பின காசு கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகத் தெரியும், அதே வருஷம் ஊரில் இருந்து ரூபாயாகவே கொடுத்த தம்பிக்கு அது நியாயமில்லை.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிராஃப்ட் எடுத்த ரசீதோ பாஸ்புக்கோ இருந்தால் எந்தக் கணக்கும் போடாதீர்கள், அதில் இருக்கிற ரூபாய்தான் உண்மை. கீழே சொல்வதெல்லாம் ரசீது தொலைந்துபோன வரிகளுக்கு மட்டும்.

படி 1: திர்ஹத்தைத் தேடாதீர்கள், டாலரைத் தேடுங்கள்

திர்ஹத்துக்கு முப்பது வருஷ ரேட் பட்டியல் வேண்டும் என்று தேடினால் வரைபடமாகக் காட்டுகிற இணையதளங்கள்தான் வரும், எண்ணாக எடுக்க முடியாது. அந்தப் பட்டியல் தேவையும் இல்லை. 1997 நவம்பரில் இருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள், இன்றுவரை மாறவில்லை. அதற்கு முன்னால், 1980-ல் இருந்து, 3.671. ஆயிரம் திர்ஹத்துக்கு நாலஞ்சு ரூபாய்தான் வித்தியாசம் வரும், இருந்தாலும் சரியானதையே போடுங்கள். ஆகவே நமக்கு வேண்டியது அன்றைய டாலர் ரேட் மட்டும்தான், அதை 3.6725-ஆல் வகுத்தால் ஒரு திர்ஹத்தின் ரூபாய் கிடைத்துவிடும். 2013 ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68.36. வகுத்தால் 18.61.

படி 2: டாலர் பட்டியல்

ரிசர்வ் வங்கி இணையதளத்தில் ரெஃபரன்ஸ் ரேட் (வேலைநாள்தோறும் அறிவிக்கிற டாலர் மதிப்பு) பழைய தொகுப்பு இருக்கிறது, தேதி கொடுத்து எடுக்கலாம். 2018 ஜூலை 10 முதல் அந்த ரேட்டைக் கணக்கிட்டு வெளியிடுவது எஃப்பிஐஎல் என்ற நிறுவனம், பெயர் மாறினதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பண மதிப்பை மாற்றிக் கணக்கிட்டுக் காட்டும் செயலிகளை நான் இதற்குத் தொடுவதே இல்லை. எந்த நேரத்து ரேட், யார் சொன்ன ரேட் என்று பலதில் போடுவதில்லை, நாளைக்குச் சொந்தக்காரர்கள் முன்னால் வைத்துப் பேசும்போது ரிசர்வ் வங்கி எண் என்றால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

படி 3: தேதி (இங்கே நிதானமாக இருங்கள்)

நோட்டு வரிகளையும் ரேட் பட்டியலையும் கணினிக் கணக்குத்தாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) ஏற்றும்போது எல்லாரையும் மாட்டிவிடுகிற இடம் இதுதான். நாம் 06/07/2005 என்று எழுதினால் ஜூலை 6. கணினியில் அமெரிக்க முறை அமைப்பு இருந்தால் அதை ஜூன் 7 என்று எடுத்துக்கொள்ளும், நாள் 12-க்கு மேற்பட்ட தேதிகளை வெறும் எழுத்தாக விட்டுவிடும், எந்தப் பிழையும் காட்டாது. பாதி வரி தப்பான ரேட்டோடு பார்க்க ஒழுங்காகவே இருக்கும். எனக்கு லிப்ரே ஆபிஸ் கால்க் (எக்செல் போன்ற இலவசக் கணக்குத்தாள் மென்பொருள்) பிடிப்பது இதனால்தான்: வெறும் எழுத்தாக ஒட்டும்போது ஒரு பெட்டி திறக்கும், அதில் தேதி நெடுவரிசையைச் சொடுக்கி நாள்-மாதம்-வருடம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

அடுத்தது விடுமுறை. சனி, ஞாயிறு, மும்பை விடுமுறை நாட்களில் ரேட் கிடையாது. ஆனால் 2022-க்கு முன்னால் அங்கே வெள்ளிதான் வாரவிடுமுறை, ஞாயிறு வேலைநாள், அதனால் நோட்டில் ஞாயிற்றுக்கிழமைத் தேதிகள் நிறைய வரும். பட்டியலைப் பழைய தேதி மேலே வருமாறு அடுக்கிவிட்டு, விலுக்அப் (VLOOKUP, தேதியைப் பட்டியலில் தேடி ரேட்டை எடுத்துத் தருவது) ஃபார்முலாவின் கடைசி இடத்தில் 0 போடாமல் 1 போடுங்கள். அந்தத் தேதி இல்லையென்றால் அதற்கு முந்தைய வேலைநாள் ரேட்டை எடுத்துக்கொள்ளும். அடுக்காமல் 1 போட்டால் வாய்க்கு வந்த எண்ணைத் தரும், ஜாக்கிரதை.

முடித்ததும் ரெண்டு இடத்தில் சரிபாருங்கள். 2007 கடைசியில் டாலர் 40-க்குக் கீழே கிடந்தது, திர்ஹம் பத்தே முக்கால் ரூபாய் அளவில் வரவேண்டும். 2013 ஆகஸ்ட் கடைசியில் 18-க்கு மேல். அந்தக் காலத்தில் அங்கே இருந்த யாரைக் கேட்டாலும் இந்த ரெண்டையும் மறந்திருக்க மாட்டார்கள்.

வருவது எக்ஸ்சேஞ்ச் கடைக்காரர் கொடுத்த ரேட் அல்ல. அவர் தன் லாபத்தைக் கழித்துத்தான் கொடுத்திருப்பார், ஆகவே கையில் வந்தது கொஞ்சம் குறைவு. எல்லா வரிக்கும் ஒரே அளவுகோல் என்பதால் பாகக் கணக்குக்கு இது போதும். வருமான வரிக்கு இது செல்லாது, அங்கே ஸ்டேட் வங்கியின் தந்திப் பரிமாற்ற (TT) வாங்கும் ரேட்டைத்தான் விதி கேட்கிறது.

ரெஃபரன்ஸ் ரேட் தொகுப்பில் கிடைக்காத பழைய நோட்டு

இதற்கு ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டில் சராசரிப் பட்டியல் உண்டு. அது ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டு, அதனால் நோட்டில் 1991 பிப்ரவரி என்றிருந்தால் 1990-91 வரியைப் பார்க்க வேண்டும். 1990-91 சராசரி டாலருக்கு 17.94, 1991-92-ல் 24.47. நடுவில் 1991 ஜூலை 1, 3 ஆகிய ரெண்டு நாளில் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள், அந்த வருஷத்துக்கு மட்டும் மாதச் சராசரியை எடுங்கள். துபாயில் 1966 வரை ரிசர்வ் வங்கி அச்சடித்த வளைகுடா ரூபாய்தான் ஓடியது, நம் ரூபாய்க்குச் சமம், அத்தனை பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் மாற்றவே வேண்டாம்.

பிற்சேர்க்கை

மற்ற நாட்டுப் பணத்துக்கு ஆகுமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். சவூதி ரியாலுக்கு 1986 முதல் 3.75, கத்தார் ரியாலுக்கு 3.64, வகுக்கும் எண்ணை மட்டும் மாற்றுங்கள். ஓமன் ரியாலுக்கு 0.3845. கடையநல்லூர்க்காரர்கள் பினாங்குக் கணக்கோடு வந்தார்கள்: மலேசிய ரிங்கிட் 1998 செப்டம்பரில் இருந்து 2005 ஜூலை 21 வரை மட்டும் 3.80, அதற்கு முன்னும் பின்னும் இந்த வழி உதவாது. குவைத் தினாரை 2003 முதல் 2007 மே வரைதான் டாலரோடு மட்டும் கட்டியிருந்தார்கள், மற்ற வருஷங்களில் பல நாணயங்களின் கூடையோடு. அதற்குக் குவைத் மத்திய வங்கியின் டாலர் ரேட்டைத் தேதிவாரியாக எடுத்து, பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையாக வைத்து, ரூபாய் ரேட்டை அதனால் வகுக்க வேண்டும்.