பாலைவனப் பள்ளத்தாக்கில் நீண்ட நடை: வழி தவறாமலும் குழு சிதறாமலும் செல்வது எப்படி?

இருபுறமும் பாறைச்சுவர், நடுவில் மணல் படிந்த ஒரே தடம் என்று இருக்கும் பள்ளத்தாக்கில் வழி தவற வாய்ப்பே இல்லை என்று முதன்முறை செல்பவர்கள் நினைப்பது இயல்பு. நேராகச் செல்லும் பகுதிகளில் அது உண்மையும்கூட. கிளைகள் பிரியும் இடங்களில்தான் தவறு நேர்கிறது. அதுவும் பெரும்பாலும் குழுவில் வேகமாக நடப்பவர் கண்ணுக்கு எட்டாத தொலைவில் முன்னால் போய்விட்ட பிறகு நேர்கிறது. ஆகவே வழி காண்பதையும் நடைவேகத்தையும் தனித்தனிப் பாடங்களாகக் கற்பதில் பயனில்லை என்பது என் கருத்து. கீழே உள்ள படிகள், பகல் முழுவதும் நீளும் நடைக்குச் செல்லும் சிறு குழுவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

படி 1: வரைபடத்தை வீட்டிலேயே படித்துவிடுங்கள்

நீங்கள் செல்லும் பள்ளத்தாக்கில் வந்து சேரும் ஒவ்வொரு கிளையையும் வரைபடத்தில் எண்ணிட்டு, தொடக்கத்திலிருந்து அது எவ்வளவு தொலைவில் உள்ளது, எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆற்றின் வலக்கரை, இடக்கரை என்பவை நீர் ஓடும் திசையை நோக்கி நிற்பவருக்கு உரியவை என்பதால், நீரோட்டத்தை எதிர்த்து நடக்கும்போது அவை இடம் மாறித் தோன்றும். குறிப்பில் கிழக்கு, மேற்கு என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

வரைபடம் காட்டாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் 1:24,000 அளவு வரைபடங்களில் பலவற்றில் சமவுயரக் கோடுகளுக்கு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இடையிலான உயர வேறுபாடு 40 அடி, அதாவது சுமார் 12 மீட்டர். மூன்று ஆள் உயரச் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு இடையில் சுவடே இல்லாமல் ஒளிந்துகொள்ள அது போதும். மழைக்காலத்தில் அருவியாகவும் மற்ற நாளில் வறண்ட சுவராகவும் நிற்கும் இத்தகைய இடங்களில் கயிறில்லாமல் இறங்க முயலாதீர்கள்; இறங்கிவிட்ட பின் ஏற முடியாமல் போவது வழி தவறுவதைவிட மோசமானது.

படி 2: நேரத்தை மெதுவாக நடப்பவரைக் கொண்டு கணக்கிடுங்கள்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது. மெட்ரிக் அளவில், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அது நல்ல பாதையில் திடமாக நடப்பவருக்கான கணக்கு என்பதால், மணலும் உருண்டைப் பாறைகளும் நிறைந்த படுகைக்கு ஒன்றரை மடங்காவது ஆக்கிக்கொள்ளுங்கள்.

6 கிலோமீட்டர் தொலைவில் 600 மீட்டர் இறங்கி, அதே வழியில் ஏறி வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றரை மடங்காக்கிய கணக்கின்படி இறங்க 1 மணி 48 நிமிடம், ஏற 3 மணி 18 நிமிடம் ஆகும். ஏறுவதற்கு இறங்குவதைப் போல் இரு மடங்கு நேரம் ஒதுக்குங்கள் என்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பூங்கா அலுவலர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதேதான். அதே பூங்கா, கோடையில் காலை 10 முதல் மாலை 4 மணி வரை வெயிலில் நடக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்துகிறது. காலை 5 மணிக்குப் புறப்பட்டால், ஓய்வே எடுக்காமல் 10:06-க்கு மேலே வந்துவிடலாம். ஆனால் குழுவில் ஒருவருக்கு நாலில் ஒரு பங்கு கூடுதல் நேரம் தேவைப்பட்டால் அவர் மேலே வருவது 11:22-க்கு. கடைசி ஏற்றம் முழுவதும் உச்சி வெயிலில். அதனால் திரும்ப வேண்டிய மணியை அவருடைய வேகத்தைக் கொண்டு முடிவு செய்து, புறப்படும் முன்பே அனைவருக்கும் சொல்லிவிடுங்கள். ஊரில் நம்பகமான ஒருவரிடம் திட்டத்தையும், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

படி 3: ஒவ்வொரு கிளையிலும் நின்று, திரும்பிப் பாருங்கள்

பள்ளத்தாக்கு நடையின் தனித்தன்மையே இங்குதான் இருக்கிறது. நீர் ஓடும் திசையில் நடக்கும்போது கிளைகள் உங்களுக்குப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக வந்து சேர்கின்றன. நீங்கள் முன்னே பார்த்து நடப்பதால் பலவற்றைக் கவனிப்பதே இல்லை, தேர்வு செய்யவும் எதுவும் இருப்பதில்லை. திரும்பி வரும்போது அதே இடம் இரண்டு வாய்களாகப் பிரிந்து எதிரே நிற்கும். இரண்டிலும் ஒரே நிற மணல், ஒரே நிறச் சுவர். சில சமயம் கிளையின் வாய் முதன்மைப் பள்ளத்தாக்கின் வாயைவிட அகலமாக இருந்து ஆளை இழுத்துவிடும்.

எனவே இறங்கும்போதே, கிளை சேரும் இடத்தைத் தாண்டி இருபது அடி நடந்து, முழுதாகத் திரும்பி நின்று, வந்த வழியைப் புகைப்படம் எடுங்கள். சுவரில் உள்ள கருங்கறை, வெள்ளத்தில் சிக்கி நிற்கும் மரக்கட்டை, தனித்து நிற்கும் புதர் என்று ஏதேனும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். காலடித் தடத்தை மட்டும் நம்பாதீர்கள். உங்களுக்கு முன்னால் வழி தவறியவரின் தடமும் அதே மணலில்தான் இருக்கும். யாரோ அடுக்கிவைத்த கற்குவியலும் அப்படியே.

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநில எல்லையில் உள்ள பக்ஸ்கின் கல்ச் என்ற இடுக்குப் பள்ளத்தாக்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 20 கிலோமீட்டர் இடுக்கு வழியே கீழ்நோக்கி நடப்பவர் பரியா ஆற்றில் வந்து சேர்கிறார். இடப்பக்கம் திரும்பி நீரோட்டத்தை எதிர்த்துச் சென்றால் வைட் ஹவுஸ் என்ற தொடக்க இடம். வலப்பக்கம் திரும்பினால் லீஸ் ஃபெரி, அதுவோ பல நாள் நடை. களைத்துப்போன மாலையில் இங்கே எந்தப் பக்கம் என்று யோசிப்பதைவிட, நீரை எதிர்த்து நடக்க வேண்டும் என்று முன்பே எழுதிவைத்திருப்பது நல்லது.

படி 4: கருவிகளை அளவோடு நம்புங்கள்

ஜிபிஎஸ் இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை தேவை. தலைக்கு மேல் ஒரு கீற்று வானம் மட்டும் தெரியும் இடுக்கில் அவை கிடைப்பது அரிது. கிடைப்பவையும் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால், திரையில் உள்ள புள்ளி பக்கத்துப் பள்ளத்தாக்கில் நிற்பதாகக்கூடக் காட்டலாம். அகன்ற இடங்களில் மட்டும் இடத்தைச் சரிபாருங்கள். திசைகாட்டியின் வேலை இங்கே எளியது: அடுத்த வளைவுக்குப் பின் பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வரைபடத்தில் பார்த்து, அது அப்படியே திரும்புகிறதா என்று ஒப்பிடுவது. கிராண்ட் கேன்யன் பகுதியில் காந்த ஒதுக்கம், அதாவது திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாடு, ஏறக்குறைய 10 பாகை கிழக்கு. அதைச் சரிசெய்யாமல் மேட்டுநிலத்தில் நடந்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 175 மீட்டர் விலகிவிடுவீர்கள். சுவர்களுக்கு இடையில் அது அவ்வளவாகப் பாதிக்காது.

படி 5: நடையை ஒழுங்குபடுத்துங்கள்

மணிக்கு 4 கிலோமீட்டர் நடப்பவரும் 3 கிலோமீட்டர் நடப்பவரும் சேர்ந்து புறப்பட்டால், ஒரு மணி நேரத்தில் இடைவெளி ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். திறந்த வெளியில் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியும். பள்ளத்தாக்கில் இடையே பல வளைவுகள். குரலும் வளைவைத் தாண்டாது, தாண்டினாலும் எதிரொலி திசையை மாற்றிக் காட்டும். மூன்று விதிகள் போதும். வழி தெரிந்த ஒருவர் முன்னாலும், பொறுமையுள்ள ஒருவர் கடைசியிலும் நடக்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும்வரை எந்தக் கிளையையும் யாரும் தாண்டக் கூடாது. பின்னால் வருபவர் கண்ணில் படாவிட்டால் முன்னால் இருப்பவர் நிற்க வேண்டும்.

ஓய்விலும் ஒரு நியாயம் வேண்டும். வேகமாக நடப்பவர்கள் பாறையில் அமர்ந்து பத்து நிமிடம் இளைப்பாறுவார்கள், மெதுவாக நடப்பவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "சரி, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். அதிகம் ஓய்வு தேவைப்படுபவருக்கு ஓய்வே இல்லாமல் போகும். ஓய்வு நேரம் கடைசி ஆள் அமர்ந்த பிறகே தொடங்கட்டும். அவர் தண்ணீர் குடித்தாரா, உப்புள்ள எதையாவது தின்றாரா என்று அப்போது பாருங்கள். உப்பு இல்லாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான். சுமை அதிகமாக இருந்தால், வேகமாக நடப்பவர் அதில் பாதியை வாங்கிக்கொள்ளலாம். வேகத்தைச் சமப்படுத்த இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

காத்திருக்கும் இடம் இடுக்காக இருக்கக் கூடாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தள்ளி. வானிலை அறிக்கையில் மேற்பகுதிக்கு மழை என்றிருந்தால் அன்று இடுக்குக்குள் செல்லவே வேண்டாம்.

படி 6: ஒருவர் வராவிட்டால்

அனைவரும் ஆளுக்கொரு திசையில் தேடக் கிளம்பாதீர்கள். ஒருவரோ இருவரோ நிழலான மேட்டில் அங்கேயே இருக்க, இருவர் சேர்ந்து, கடைசியாக எல்லோரும் கூடிய கிளை வரை திரும்பிச் சென்று, ஒவ்வொரு வாயிலும் மூன்று முறை விசில் ஊதிக் காத்திருக்கட்டும். தனித்துப்போனவருக்கான விதி இன்னும் சுருக்கமானது: சந்தேகம் வந்த இடத்திலேயே வெள்ளம் எட்டாத உயரத்தில் உட்கார்ந்து, விசில் ஊத வேண்டும். முன்பே குறித்த நேரம் கடந்தும் அவர் கிடைக்காவிட்டால், ஒருவர் வெளியே சென்று அல்லது செயற்கைக்கோள் கருவி வழியாக உதவி கேட்க வேண்டும். அவரைக் கடைசியாகப் பார்த்த இடம், நேரம், அவர் அணிந்திருந்த நிறம், அவரிடம் மீதமிருந்த தண்ணீர் ஆகிய நான்கையும் நினைவிலிருந்து சொல்லாமல் தாளில் எழுதியே கொடுங்கள்.