பிடுங்குறீங்களா, நடுறீங்களா? தீவுக்குப் போகும் மாணவர்கள் தவிர்க்க வேண்டியவை

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபத்தில், மன்னார் வளைகுடாத் தீவுகளில் பாசி அகற்றப் படகேறும் கல்லூரி மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த வயதில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். குப்பை போடக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பாசியைக் கொத்தாகப் பிய்ப்பது

குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் கப்பாபைகஸ் படர்ந்திருப்பது 2008-இலேயே பதிவானது. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டுப் பாசி அது. போர்வைபோல் மூடி, வெயில் படாமல் செய்து பவளத்தைக் கொன்றுவிடும். உடைந்த சிறு துண்டே போதும், அதிலிருந்து மறுபடி தழைக்கும்.

எங்களுக்கு அது தெரியாது. அதை அகற்ற வனத்துறை அனுமதியோடு இறங்கி, இரண்டு கையாலும் பிய்த்து வலைப் பைகளில் திணித்தோம். பையின் கண்ணி பெரிது. துணுக்குகள் நீரோட்டத்தோடு போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கரையேறி மூட்டைகளை எண்ணிப் படம் எடுத்துக்கொண்டோம். படகோட்டி அண்ணன் மட்டும் கேட்டார்: "பிடுங்குறீங்களா, நடுறீங்களா தம்பி?"

அடுத்த முறை போனபோது, சுத்தமாக இருந்த பக்கத்துப் பவளப் பாரில் விரல் நீளத்துக்குக் கொத்துகள் இருந்தன. எங்கள் துணுக்குதான் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அன்று நீரோட்டம் அந்தப் பக்கம்தான் ஓடியது.

இன்றைக்கும் "எத்தனை மூட்டை?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஒரு மூட்டைகூட நிரம்பாவிட்டாலும் பரவாயில்லை. பாசியின் பிடி தளரும் இடத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். சின்னக் கண்ணிப் பையின் வாயைத் தண்ணீருக்குள்ளேயே மூடுங்கள். நீரோட்டம் போகும் திசையில் கைவலையோடு ஒருவர் துணுக்குகளைப் பிடிக்க வேண்டும். பையைக் கடலில் அலசாதீர்கள், பாசியைக் கரையில் கொண்டுபோய்க் காயப்போடுங்கள். நீச்சல் பழகாதவர்கள் படகிலேயே இருந்து எண்ணிக்கை எழுதட்டும், அதுவும் வேலைதான்.

வத்தத்தில் (கடல் வற்றும் நேரத்தில்) இறங்கி நடப்பது

முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்காதீர்கள். காலடியில் பாறைபோல் இருப்பது உயிர். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்.

ஜூன், ஜூலையில் போவது

தென்மேற்குக் காற்றில் கடல் கலங்கிக் கிடக்கும். ஒன்றும் தெரியாது.

பவளத் துண்டைப் பையில் போடுவது

செத்த பவளமானாலும் எடுப்பது குற்றம். தீவே அந்தத் துண்டுகள் குவிந்து உண்டானதுதான். சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டியெடுத்த கடற்பகுதி இது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் ஏற்கெனவே மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவும் கரைந்துகொண்டிருந்ததால்தான், 2015-இல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கத் தொடங்கினார்கள்.