குழந்தைய ஆட்டிசம், ஏடிஎச்டி அசெஸ்மென்ட்டுக்கு கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி

ரத்த டெஸ்ட் எடுத்தோ மூளைய ஸ்கேன் பண்ணியோ ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிக்காம, துறுதுறுன்னு இருக்கிற பிரச்சனை) ரெண்டையும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்கேன், இஇஜி (மூளையோட மின் அலைய பாக்குற டெஸ்ட்) எல்லாம் வலிப்பு மாதிரி வேற சந்தேகம் இருந்தா தான் எழுதுவாங்க. டாக்டர் நேர்ல பாக்குறது, நீங்க சொல்றது, டீச்சர் சொல்றது, இத வச்சு தான் முடிவு பண்ணுவாங்க.

பீடியாட்ரிஷியன்கிட்ட ஆரம்பிங்க, அவங்க டெவலப்மென்டல் பீடியாட்ரிஷியனுக்கோ (குழந்தை வளர்ச்சிய பாக்குற டாக்டர்) சைல்ட் சைக்கியாட்ரிஸ்டுக்கோ (குழந்தைங்க மனநல டாக்டர்) எழுதி குடுப்பாங்க. பிரைவேட்ல செலவு கட்டுப்படியாகலன்னா மாவட்டத்துல பெரிய கவர்மென்ட் ஆஸ்பத்திரில டிஇஐசி (வளர்ச்சிப் பிரச்சனைய சீக்கிரமே கண்டுபிடிச்சு உதவுற மாவட்ட மையம்) எங்கன்னு கேளுங்க.

காது டெஸ்ட் கண்டிப்பா பண்ணிடுங்க. "டிவி விளம்பரம் கேட்டா ஓடி வர்றான், காதெல்லாம் நல்லா தான் இருக்கு"ன்னு பாட்டி சொல்வாங்க, ஆனா சில சத்தம் மட்டும் கேக்காத பிள்ளைங்களும் இருக்காங்க.

சின்ன குழந்தைன்னா, அதாவது 16லேர்ந்து 30 மாசத்துக்குள்ள, ஆட்டிசம் சந்தேகம் இருக்கான்னு பாக்க எம்-சாட்னு 20 கேள்வி உங்ககிட்ட கேப்பாங்க. அதுல விரல் நீட்டி காட்டுறத பத்தி வரும்போது அவசரப்பட்டு ஆமான்னு சொல்லிடாதீங்க. பிஸ்கட் டப்பாவ காட்டி கேக்குறது வேற, மேல ப்ளேன் போகுதுன்னு உங்களுக்கு காட்டிட்டு நீங்க பாத்தீங்களான்னு உங்க மூஞ்ச திரும்பி பாக்குறது வேற, ரெண்டாவது இருக்கான்னு வீட்ல கவனிச்சிட்டு போங்க. எம்-சாட்ல மார்க் அதிகமா வந்தா உடனே ஆட்டிசம்னு அர்த்தம் இல்ல, அது வெறும் ஸ்கிரீனிங் தான், அதாவது முதல்கட்டமா சலிச்சு பாக்குறது.

நம்ம ஊர்ல ஆட்டிசத்துக்கான மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுக்கு ஐசா ஸ்கேல் (ஆட்டிசம் எவ்வளவு இருக்குன்னு மார்க் போட்டு பாக்குற முறை) போடுவாங்க. 40 விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 1லேர்ந்து 5 மார்க். 70லேர்ந்து 106 வரைக்கும் மைல்டு, 153க்கு மேல சிவியர். ரிப்போர்ட்ல நம்பரையும் எழுதி கேட்டு வாங்கிக்கோங்க.

ஏடிஎச்டி கதை வேற. வீட்ல மட்டும் வால்தனம் பண்றான், ஸ்கூல்ல சமத்துன்னா அது ஏடிஎச்டின்னு சொல்ல மாட்டாங்க. ரெண்டு இடத்துலயாவது இருக்கணும், ஆறு மாசமாவது தொடர்ந்து இருக்கணும். அதனால டீச்சருக்கு தனி ஃபார்ம் குடுப்பாங்க, அத நீங்களே உக்காந்து நிரப்பாதீங்க ப்ளீஸ். போன் குடுத்தா ரெண்டு மணி நேரம் அசையாம இருக்கான், அப்புறம் எப்டி ஏடிஎச்டின்னு நிறைய பேர் கேக்குறாங்க, பிடிச்சதுல மூழ்குறது ஏடிஎச்டி பிள்ளைங்களுக்கும் உண்டு, ஹோம்வொர்க்ல எப்டின்னு தான் பாக்கணும். ஆட்டிசம், ஏடிஎச்டி ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம், 2013ல டிஎஸ்எம்-5 (டாக்டர்ங்க டயக்னோசிஸ் பண்ண பாக்குற அமெரிக்க கையேடு) வந்ததுலேர்ந்து ரெண்டு டயக்னோசிஸையும் ஒரே குழந்தைக்கு எழுதுறாங்க.

போறப்போ வீடியோ எடுத்துட்டு போங்க, அடம் பிடிக்கறத மட்டும் இல்ல, சும்மா விளையாடுறது, சாப்பிடுறது, பேர் சொல்லி கூப்பிடும்போது என்ன பண்றான்னு எல்லாம். தூங்குற நேரத்துல அப்பாயின்ட்மென்ட் வாங்காதீங்க. அங்க இப்டி பேசு அப்டி உக்காருன்னு சொல்லிக் குடுத்து கூட்டிட்டு போகவும் வேணாம்.

ரிப்போர்ட் வர லேட்டானா டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைங்கள செய்ய பழக்குற பயிற்சி) ரெண்டையும் இப்பவே ஆரம்பிச்சிடுங்க, அதுக்கு டயக்னோசிஸ் பேப்பர் கைக்கு வரணும்னு இல்ல.